கூடத்தில் ஒரு கொக்தோ: கையெழுத்திட்ட லித்தோகிராஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு படம். பழுப்பு நிறக் கோடுகளால் வரைந்த ஓர் இளைஞனின் பக்கவாட்டு முகம். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மீன். கீழே வலது மூலையில் பென்சிலில் 'ழான் கொக்தோ' என்று கையெழுத்து, அதன் அருகே ஒரு நட்சத்திரம். இடது மூலையில் 47/150. வீட்டுக்கு வருபவர்கள் காபி ஆறுவதற்குள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க அலுப்பாக இருப்பதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

யார் இந்த ழான் கொக்தோ? ஓவியரா?

ஓவியர் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. கவிஞர் என்றுதான் சொன்னார். நாவல் எழுதினால் அது 'நாவல் கவிதை', நாடகம் 'நாடகக் கவிதை', சினிமா 'சினிமாக் கவிதை', வரைந்த படங்கள் 'கோட்டுக் கவிதை'. இப்படித்தான் தன் படைப்புகளை அவர் பிரித்துவைத்தார். கேட்பதற்குக் கொஞ்சம் பந்தாவாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படங்களைப் பார்க்கப் பார்க்க அதில் நியாயம் இருப்பது தெரியும்.

1889 ஜூலை 5-இல் பாரிசுக்குப் பக்கத்தில் மெஸோன்-லஃபீத் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர், பொழுதுபோக்காகப் படம் வரைவார். 1898-இல் தற்கொலை செய்துகொண்டார். மகனின் முதல் கவிதைத் தொகுப்பு 1909-இல் வந்தது. 1917-இல் 'பராட்' என்ற பாலே. கதை கொக்தோ, இசை எரிக் சத்தி, அரங்கமும் உடைகளும் பிக்காசோ, தயாரிப்பு தியாகிலெவின் ருஷ்ய பாலே குழு. 1926-இல் 'ஓர்ஃபே' நாடகம், 1929-இல் 'லெஸான்ஃபான் தெரீப்ள்' நாவல், 1930-இல் 'மனிதக் குரல்' நாடகம், 1934-இல் ஈடிபஸ் கதையை வைத்து 'நரக இயந்திரம்'. திரைப்பட ரசிகர்களுக்கு 1946-இல் வந்த 'அழகியும் மிருகமும்' தெரிந்திருக்கும். 1955-இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963 அக்டோபர் 11-இல் இறந்தார். அதற்கு முந்தைய நாள்தான் பாடகி எடித் பியாஃப் இறந்திருந்தார். அவருக்காக 1940-இல் ஒரு நாடகமே எழுதிக் கொடுத்த நண்பர் கொக்தோ.

லித்தோகிராஃப் என்றால் என்ன?

தமிழில் கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை நம்பி நடக்கிற வேலை.

பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபென் பக்கம் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தான் இதற்குப் பேர்போனது. கல்லை மணல் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவார்கள். கொழுப்பும் மெழுகும் கலந்த கிரயானாலோ மையாலோ அதன்மேல் ஓவியர் வரைவார். பிறகு வேலம்பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அந்தப் பூச்சுக்குப் பிறகு, வரைந்த இடம் மசியை இழுக்கும், வரையாத இடம் தண்ணீரை இழுக்கும். அதோடு கல் தயார். ஈரத் துணியால் கல்லைத் துடைத்து, மசி தோய்ந்த உருளையை உருட்டினால், கோட்டில் மட்டும் மசி பிடிக்கும். மேலே தாளை விரித்து அழுத்தி எடுத்தால் ஒரு பிரதி. மறுபடி ஈரம், மறுபடி மசி, மறுபடி தாள். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மூன்று நிறம் வேண்டுமென்றால் மூன்று கல், ஒரே தாள் மூன்று முறை அச்சுக்குள் போகவேண்டும்.

செதுக்கல் கிடையாது, பள்ளம் கிடையாது. மரச்செதுக்கிலும் செப்புத்தகட்டிலும் கை பொருளோடு மல்லுக்கட்டும். கல்லச்சில் தாளில் எழுதுகிற மாதிரியே கை ஓடும். கவிஞர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. இதைக் கண்டுபிடித்தவரே ஒரு நாடகக்காரர்தான்! அலோய்ஸ் ஸெனஃபெல்டர், மியூனிக் நடிகர் ஒருவரின் மகன். தன் நாடகங்களை அச்சுக்குக் கொடுக்கக் காசு போதாமல், மலிவாகத் தானே அச்சடிக்க வழி தேடினார். 1796-இல் ஒருநாள் சலவைக்குப் போகும் துணிகளுக்குக் கணக்கு எழுதவேண்டியிருந்ததாம். கையில் தாள் இல்லை. பக்கத்தில் கிடந்த கல்லில் கொழுப்பு மையால் கிறுக்கிவைத்தார், அங்கிருந்துதான் யோசனை பிறந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். முறை முழுமையாகக் கைகூடியது 1798 வாக்கில். ஆக, கல்லில் முதலில் ஏறியது ஓவியம் அல்ல, சலவைக் கணக்கு.

கல்லில் வரைந்தால் தாளில் இடம் வலமாக மாறிவிடாதா?

மாறும். அதனால் கல்லில் நேராகக் கையெழுத்துப் போட்டால் தாளில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழும். ஒன்று இடவலம் மாற்றி எழுதப் பழகவேண்டும், அல்லது மாற்றுத்தாள் என்ற தனி வகைத் தாளில் வரைந்து அதைக் கல்லின்மேல் வைத்து அழுத்தி இறக்கவேண்டும். இரண்டாவது வழியில் படம் இருமுறை திரும்புவதால் எழுத்து நேராகவே வரும். படத்துக்கு நடுவே வரி வரியாக எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு மாற்றுத்தாள் பெரிய வரம்.

அப்படியானால் இது சிவகாசி காலண்டர் மாதிரி ஒரு பிரிண்ட்தானே?

புதுச்சேரியிலிருந்து வந்த மாமா கேட்ட கேள்வி. அத்தை அவரை முறைத்தார். ஆனால் கேள்வி சரியானதுதான். சிவகாசிக்காரர்கள் 'லித்தோ' என்று சொன்னபோது இதே கல்லச்சு வம்சத்தைத்தான் சொன்னார்கள். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் ஆரம்பித்த அச்சகமும் அதே வம்சம். நம் பாட்டிமார் பூஜை அறைகளில் மாட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் கல்லில் பிறந்தவர்கள்.

வித்தியாசம் இரண்டு இடத்தில். ரவிவர்மா வரைந்தது எண்ணெய் ஓவியம். அதைப் பார்த்து நிறம் நிறமாகப் பிரித்துக் கல்லில் ஏற்றியவர்கள் அச்சகத்துக் கைவினைஞர்கள். 'அசல் லித்தோகிராஃப்' என்று சொல்லவேண்டுமானால் ஓவியரின் கையே கல்லிலோ தகட்டிலோ மாற்றுத்தாளிலோ வேலை செய்திருக்கவேண்டும். இன்னொன்று, பிற்பாடு வந்த ஆஃப்செட். அதில் படத்தைக் கேமரா பிடித்து, புள்ளிகளாகப் பிரித்து, தகட்டில் ஏற்றி, தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கும் அங்கிருந்து தாளுக்கும் மாற்றுகிறார்கள். வேதியியல் ஒன்றுதான். ஆனால் நடுவில் கை இல்லை. பிரெஞ்சு வரிச் சட்டமும் சுங்க விதியும் இதையேதான் சொல்கின்றன: ஓவியர் கையால் முழுக்கச் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த பிரதி என்றால் அசல், இயந்திர முறையோ புகைப்பட முறையோ கலந்தால் இல்லை.

'கையெழுத்திட்டது' என்றால் என்ன அர்த்தம்?

இங்கேதான் பணம் போகிறது. ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, பென்சில் கையெழுத்து. அச்சான பிறகு ஒவ்வொரு பிரதியாக எடுத்து, படத்துக்குக் கீழே வெற்று ஓரத்தில் ஓவியர் தன் கையால் போட்டது. நூறு பிரதி என்றால் நூறு முறை உட்கார்ந்து போடவேண்டும்.

இரண்டாவது, 'தகட்டில் கையெழுத்து'. படம் வரையும்போதே கல்லில் அல்லது தகட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அது படத்தோடு சேர்ந்து அச்சாகிறது. பிரெஞ்சில் 'சிஞே தான் லா பிளான்ஷ்' என்று எழுதியிருப்பார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆயிரம் பிரதியிலும் அதே கையெழுத்து அதே இடத்தில் இருக்கும்.

மூன்றாவது, முத்திரை. இறந்தபிறகு வாரிசுகள் தரப்பில் குத்தியது. இதுவும் மோசடி அல்ல, முத்திரை என்று சொல்லி விற்றால்.

நான் ஏமாந்த கதையைச் சொன்னால்தான் உறைக்கும். இப்போதுள்ள படத்துக்கு முன்னால் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் 'கையெழுத்திட்ட லித்தோ' என்றார், கொக்தோவின் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது, நான் கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் கையெழுத்து முழுக்கப் புள்ளிகள். நட்சத்திரத்தின் ஐந்து முனையும் புள்ளிகள். கண்காட்சிப் போஸ்டர் ஒன்றின் கீழ்ப்பகுதி எழுத்துகளை வெட்டிவிட்டு ஃப்ரேம் போட்டிருந்தார்கள். கடைக்காரர் சொன்னதில் 'கையெழுத்து' என்ற சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். அந்தப் படம் இப்போது குளியலறை வாசலில் தொங்குகிறது.

மையில் போடாமல் ஏன் பென்சிலில்?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய வழக்கம். மை தாளில் ஊறும், வெளிச்சத்தில் வெளுக்கும். பென்சில் இரண்டும் செய்யாது. அச்சு மசியிலிருந்து வேறுபட்டு, இது கையால் போட்டது என்று தெரியவும் செய்யும்.

பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் ஏன்?

அது அவருடைய அடையாளம். கடிதத்தில், புத்தகத்தில், சுவரோவியத்தில், பானையில்கூடப் போட்டார். சில இடங்களில் 'ழான்' என்று மட்டும் எழுதி நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வார். புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டவர்களுக்குக் கூடவே ஒரு பக்கவாட்டு முகமும் வரைந்து கொடுக்கும் பழக்கம் இருந்தது. பேனா பெயரில் ஆரம்பித்ததா முகத்தில் ஆரம்பித்ததா என்று சொல்லமுடியாத அளவுக்கு இரண்டும் ஒரே கோடு. கவிஞர்கள் வரைவதில்லை, எழுத்தின் முடிச்சை அவிழ்த்து வேறு விதமாகக் கட்டுகிறார்கள் என்று தன் ஓவியத் தொகுப்பைப் பிக்காசோவுக்குச் சமர்ப்பிக்கும்போது அவர் எழுதினார்.

நட்சத்திரம் இருந்தால் உண்மை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போலி செய்பவர்கள் முதலில் பழகுவது அதைத்தான்.

47/150 என்றால் 47-ஆவதாக அச்சானதா?

மொத்தம் 150 பிரதிகளில் இதற்கு 47 என்று எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அச்சான தாள்கள் காயவைக்கப்பட்டு, அடுக்கப்பட்டு, கலைந்து, பிறகுதான் எண் ஏறும். சிறிய எண்ணுக்கு அதிக விலை சொல்பவர்கள் உண்டு. செப்புத்தகட்டில் ஊசியால் கீறும் முறையில் தகடு தேய்வதால் முதல் பிரதிகள் கூர்மையாக இருக்கும். அங்கே அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. கல்லச்சில் 5-க்கும் 105-க்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

எண்ணுக்குப் பதில் 'ஈ.ஏ.' அல்லது 'எச்.சி.' என்று இருக்கிறதே?

'ஈ.ஏ.' ஓவியர் தனக்காக வைத்துக்கொண்ட பிரதி. வழக்கமாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. 'எச்.சி.' விற்பனைக்கல்லாதது, வெளியீட்டாளருக்கும் உதவியவர்களுக்கும் போனது. இரண்டும் பிற்பாடு சந்தைக்கு வந்துசேரும். 'பி.ஏ.டி.' என்றிருந்தால் அபூர்வம்: "இதேபோல் அச்சிடலாம்" என்று ஓவியர் ஒப்புதல் கொடுத்த ஒற்றைப் பிரதி அது. அச்சகக்காரர் அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் மற்றதை அடிப்பார்.

அவர் இறந்தபிறகு வந்த லித்தோகிராஃப்களும் இருக்கின்றனவா?

நிறைய. 1960-களிலும் 70-களிலும் அவருடைய ஓவியங்களை வைத்துப் பல பதிப்புகள் வந்தன. அழகாக அச்சானவையும் அவற்றில் உண்டு. காளைச் சண்டைப் படங்களை நான் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. சிலவற்றில் முத்திரை இருக்கும், சிலவற்றில் வாரிசின் கையெழுத்து இருக்கும், பலவற்றில் தகட்டுக் கையெழுத்து மட்டும்.

இதிலிருந்து ஒரு சுலபமான சோதனை கிடைக்கிறது. பதிப்பாண்டு 1963-க்குப் பிறகு என்று காகிதம் சொல்லி, கீழே கொக்தோவின் பென்சில் கையெழுத்தும் இருந்தால், அவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து போட்டிருக்கவேண்டும். பாதாளம் போய்த் திரும்பிய ஓர்ஃபேயின் கதையை எழுதியவர்தான், இருந்தாலும்.

வீட்டிலேயே எப்படிப் பரிசோதிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். தபால்தலை சேகரிப்பவர்களிடமும் நகைக்கடைக்காரர்களிடமும் இருக்குமே, அதுதான்.

என் படத்தில் மூக்கின் நுனிமேல் லென்ஸை வைத்தால் தெரிவது இது: கோடு ஒரே சீராக இல்லை. கிரயான் கல்லின் பொரிபொரியான மேற்பரப்பில் ஓடியதால் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகள், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், மணல் இறைத்தது மாதிரி. நெற்றியிலிருந்து இறங்கும்போது கை வேகமாகப் போயிருக்கிறது, கோடு மெலிகிறது. உதட்டருகே வேகம் குறைந்து மசி அடர்த்தியாகிறது. இப்படி ஒழுங்கற்ற பொரி இருந்தால் கிரயான் வேலை. வரிசை வரிசையாகப் புள்ளிகள், அதுவும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பூப்போலக் கூடியிருந்தால் ஆஃப்செட். நாளிதழ்ப் படத்தை ஒருமுறை லென்ஸில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அப்புறம் கையெழுத்து. படத்தை ஃப்ரேமிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பென்சில் காரீயம் லேசாக வெள்ளிபோல் மின்னும். அழுத்திய இடத்தில் தாள் நூலளவு பள்ளமாகியிருக்கும். அச்சான கையெழுத்து மின்னாது, பள்ளமும் இருக்காது. அடுத்து அதே தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் 'ஆர்ஷ்' அல்லது 'ரீவ்' என்று நீரெழுத்துத் தெரியலாம். பருத்தியில் செய்த நல்ல பிரெஞ்சுத் தாள்கள் இவை. அதே தாளைப் போலிக்காரரும் கடையில் வாங்கலாம் என்பதால் இது சாட்சிகளில் ஒன்று, அவ்வளவே. பளபளப்பான தாளாக இருந்தால் மட்டும் உடனே சந்தேகப்படுங்கள்.

சான்றிதழ் இருந்தால் நம்பலாமா?

யார் கொடுத்தது என்பதைப் பொறுத்தது. விற்றவரே கணினியில் அடித்துக் கொடுத்த தாள், அவர் சொன்னதை அவரே மறுபடி சொல்வதுதான். அதிகம் போலி செய்யப்படும் பிரெஞ்சுக் கலைஞர்களில் கொக்தோவும் ஒருவர், காரணம் வெளிப்படை: கோடு குறைவு, பார்க்கச் சுலபம், பெயர் பெரிது. அவருடைய செராமிக் படைப்புகளுக்கு முழு அட்டவணை தொகுத்தவர் ஆனி கெத்ரா; ஏலங்களில் ஓவியங்களுக்கு அவருடைய சான்று இருப்பதாகக் குறிப்பிடுவதைப் பார்க்கலாம்.

பிரான்சில் வாங்கினால் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். 1981 மார்ச் 3-இல் வந்த ஆணை ஒன்று, விற்பவர் எந்தச் சொல்லைப் போட்டால் எதற்குப் பொறுப்பு என்று வரையறுத்திருக்கிறது. கலைஞரின் பெயரை மட்டும் நேராகப் போட்டால் அது அவருடைய கைவேலை என்ற உத்தரவாதம். பெயருக்கு முன்னால் 'தாப்ரே' என்றிருந்தால் அவருடையதைப் பார்த்து வேறொருவர் செய்தது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசியுங்கள், வாயால் சொல்வதை விடுங்கள்.

இதை என் பேத்தியே வரைந்துவிடுவாளே?

மறுபடி மாமா. பென்சிலும் தாளும் கொடுத்தோம். பேத்தி அழகாகத்தான் வரைந்தாள், ஆனால் மூக்கு வரும்வரை நான்கு முறை கையை எடுத்தாள், இரண்டு முறை அழித்தாள்.

கொக்தோவின் கோட்டில் அழிப்பு இல்லை. நெற்றி, மூக்கு, உதடு, தாடை, எல்லாம் ஒரே மூச்சு. அதை ஒரு நாளில் கற்கவில்லை. 1920-களின் கடைசியில் அபின் பழக்கத்திலிருந்து விடுபடச் சிகிச்சை எடுத்தபோதும் வரைந்துகொண்டே இருந்தார். குழாய் குழாயாக உடல் பிரிந்து கிடக்கும் அந்த ஓவியங்கள் 1930-இல் 'அபின்' என்ற நூலில் வந்தன. பார்த்தால் தூக்கம் கெடும். அவற்றுக்குப் பக்கத்தில் என் கூடத்துப் படம் கொஞ்சம் இனிப்பு அதிகமான பலகாரம்தான். கடைசிப் பத்து ஆண்டுகளில் அவர் அதே முகத்தை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வரைந்தார் என்பது என் கருத்து. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மறுக்கத் தெரியாத மனிதர்.

நாடகத்துக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம்?

மேடைக்கு எழுதியவர் மேடையை வரையவும் செய்தார். 'மனிதக் குரல்' நாடகத்தில் ஒரே ஒரு பெண், ஒரு தொலைபேசி. கைவிட்டுப்போகும் காதலனோடு பேசுகிறாள், மறுமுனைக் குரல் நமக்குக் கேட்காது. பூலாங் அதற்கு இசையமைத்து 1959-இல் ஓபெராவாக அரங்கேறியபோது மேடை வடிவமைப்பு கொக்தோவே. கிரேக்கக் கதையை வைத்து அவர் எழுதிய 'அந்திகோன்' 1922-இல் மேடையேறியபோது அரங்கம் பிக்காசோ, உடை கொகோ ஷானெல்.

பக்கவாட்டு முகமும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். யாழோடு இருந்தால் ஓர்ஃபே. செத்த மனைவியைத் தேடிப் பாதாளம் போன பாட்டுக்காரன். நாடகத்தில் ஆரம்பித்து, 1950-இல் படமாக எடுத்து, 1960-இல் 'ஓர்ஃபேயின் உயில்' என்ற கடைசிப் படத்தில் தானே நடித்து, அந்தக் கதையை அவர் விடவே இல்லை. அந்தப் படத்தில் மூடிய இமைமேல் வரைந்த கண்கள் வரும். என் படத்து மீன்கண்ணும் அதற்கு உறவுதான்.

அவர் செய்த லித்தோகிராஃப்களில் பேர்போனது எது?

என்னைக் கேட்டால் 1911-இல் ருஷ்ய பாலே குழுவுக்காகச் செய்த இரண்டு பெரிய போஸ்டர்கள். ஒன்றில் அந்தக் குழுவின் நடனக்காரர் நிஜின்ஸ்கி 'ரோஜாவின் ஆவி' வேடத்தில், இன்னொன்றில் நடனக்காரி கர்சாவினா. இருபதைத் தாண்டிய பையனின் வேலை. பிற்காலக் கோட்டின் சுருக்கம் அதில் இல்லை. ஆனால் ஆவியின் கை வளைவில் அது வரப்போகிறது என்று தெரியும்.

கையில் அடக்கமாகக் கிடைப்பது 1961-இல் வந்த 20 சாந்தீம் தபால்தலை. பிரெஞ்சுக் குடியரசைப் பெண்ணாக உருவகித்த மரியானின் முகத்தை அவர்தான் வரைந்தார். அது லித்தோ அல்ல, ஆனால் சில காசுக்குக் கிடைக்கும் அசல் கொக்தோ கோடு.

விலை எவ்வளவு?

பென்சில் கையெழுத்தும் எண்ணும் உள்ள நல்ல பிரதி சில நூறு யூரோவில் ஆரம்பித்து இரண்டு மூவாயிரம் வரை போகும். தகட்டுக் கையெழுத்து மட்டும் என்றால் அதில் சிறு பங்கு. பிக்காசோ விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கறைபட்ட தாளும் ஓரம் வெட்டிய தாளும் விலையைப் பாதியாக்கும். ஓரத்தை வெட்டச் சொல்லி ஃப்ரேம்காரர் கேட்டால் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதலீடாக வாங்காதீர்கள், தினமும் பார்க்கப் பிடித்தால் வாங்குங்கள்.

போர்க்காலத்தில் அவர் நாஜிகள் பக்கம் இருந்தாராமே?

1942-இல் ஹிட்லருக்குப் பிடித்த சிற்பி ஆர்னோ பிரேக்கரின் கண்காட்சி பாரிசில் நடந்தபோது, அவரைப் புகழ்ந்து கொக்தோ பத்திரிகையில் எழுதினார். பழைய நண்பர் என்றார். ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் அதை எழுதியது வெட்கக்கேடு. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் மக்ஸ் ழக்கோபைப் பிடித்துக்கொண்டு போனபோது விடுவிக்கச் சொல்லி மனு எழுதியவரும் இதே கொக்தோ. ழக்கோப் 1944 மார்ச்சில் திரான்சி முகாமில் இறந்துபோனார். நாஜிகளிடமிருந்து பிரான்ஸ் விடுபட்ட பிறகு கொக்தோமீது விசாரணை வந்தது, தண்டனை இல்லை. படத்தை மாட்டியிருக்கிறேன் என்பதற்காக இதை மறைப்பதில்லை, கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார், அவசர அவசரமாக. 1936-இல் 80 நாளில் உலகைச் சுற்றிவருவதாக ஒரு பாரிஸ் நாளிதழோடு ஒப்பந்தம். பம்பாயில் இறங்கி, ரயிலில் கல்கத்தா போய், அங்கிருந்து ரங்கூன், மலாயா, சிங்கப்பூர். தெற்கே வரவில்லை. சீனக் கடலில் ஜப்பானியக் கப்பல் ஒன்றில் சார்லி சாப்ளினைச் சந்தித்தார்.

ஊருக்கு எடுத்துப்போனால் சுங்கத்தில் என்ன சொல்வது?

சுங்கப் பட்டியலில் அசல் லித்தோகிராஃப் 9702 என்ற எண்ணின்கீழ் வரும், ஆஃப்செட் போஸ்டர் 4911-இன்கீழ். வரி வேறு வேறு, அவ்வப்போது மாறும், போகும் மாதத்தில் இருப்பதைப் பாருங்கள். ரசீதில் 'அசல் லித்தோகிராஃப்' என்ற சொல்லும் விலையும் தெளிவாக இருக்கட்டும்.

என் கவிதைப் புத்தக அட்டையில் இந்தப் படத்தைப் போடலாமா?

படம் உங்களுடையது, உரிமை உங்களுடையது அல்ல. பிரான்சில் கலைஞர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. கொக்தோவுக்கு 2033 முடியும்வரை. இந்தியாவில் 60 ஆண்டு, அதனால் அவர் உயிரோடிருந்தபோது வெளியான படைப்புகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இறந்தபின் முதன்முதலாக வெளியானவற்றுக்குக் கணக்கு வெளியான ஆண்டிலிருந்து ஆரம்பிக்கும். சென்னையில் அச்சடித்து பாரிசில் விற்கப்போகிறீர்கள் என்றால் அனுமதி கேட்டுவிடுங்கள்.

வீட்டில் எப்படி மாட்டுவது?

சூரியன் நேராக விழாத சுவரில். சமையலறைப் பக்கம் வேண்டாம். பின்புற அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். சாதா அட்டை பத்து வருஷத்தில் தாளைப் பழுப்பாக்கிவிடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை வையுங்கள். அந்த ஜன்னல் பென்சில் கையெழுத்தையும் எண்ணையும் மறைக்காமல் இருக்கவேண்டும். செல்லோடேப் கூடவே கூடாது. ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமைப் பசையும் வைத்து மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் தொங்கவிடுவதுதான் முறை. லாமினேஷன் செய்தால் படம் செத்தது.

சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் ஈரம்தான் எதிரி. தாளில் தேமல் மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் வந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்க வசதியில்லை. எங்கே போனால் பார்க்கலாம்?

பிரான்சின் தென்கடற்கரையில் மந்தோன் நகராட்சியின் திருமண மண்டபம். 1957-58-இல் சுவர் முழுக்க அவர் வரைந்தது. அங்குள்ள மீனவனின் கண் மீன் வடிவம். என் படத்தை வாங்கத் தூண்டியது அந்தச் சுவர்தான். பக்கத்தில் வில்ஃப்ரான்ஷில் மீனவர்கள் வலை போட்டுவைத்திருந்த சின்னத் தேவாலயத்தைக் கேட்டு வாங்கி உள்ளே முழுக்க வரைந்திருக்கிறார். லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தருகே பிரெஞ்சுத் தேவாலயத்திலும் அவர் சுவரோவியம் உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை.

பாரிசிலிருந்து போவதானால் மில்லி-லா-ஃபோரே. அவர் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. சற்றுத் தள்ளி, ஒருகாலத்தில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனையைச் சேர்ந்திருந்த 12-ஆம் நூற்றாண்டுச் சிறு தேவாலயம். சுவர்களில் தரையிலிருந்து கூரை நோக்கி மூலிகைச் செடிகளை வரைந்திருக்கிறார், எல்லாம் அதே கை எடுக்காத கோடு. தரையில் அவருடைய கல்லறை. 'உங்களோடுதான் இருக்கிறேன்' என்று அவர் கையெழுத்திலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். புனித நீர்க் கிண்ணத்துக்கு மேலே ஒரு பூனை வரைந்திருக்கும், அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.